சரித்திர நாவல் இழுக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி பக்கத்தில் நாவல் எழுத உட்காருகிறவர்கள் கொண்டுவரும் கைப்பிரதிகளில் பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கும். ஐயா பர்மாவுக்குப் போனார், வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்தார், வீடு கட்டினார், சண்டை வந்தது, எல்லாம் போயிற்று. விஷயம் உண்மை, எழுதுகிறவர் நெஞ்சிலிருந்து வருவது. ஆனாலும் நூறு பக்கத்துக்குள் படிக்கிறவர் கீழே வைத்துவிடுகிறார். இப்படிப்பட்ட கைப்பிரதிகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. எந்தப் பழுது எங்கே வரும், முதலில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் கைப்பிரதியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான திருத்தம் முதலில், பாதி நாவலைத் திரும்ப எழுதவைக்கும் திருத்தம் கடைசியில்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். 1942 பிப்ரவரியில் ரங்கூனிலிருந்து நடந்தே கிளம்பிய ஒருவர். தாமு வழியாக மணிப்பூர் போகும் பாதையில் அவரைப் பார்த்ததாக ஒருவர் சொன்னதோடு சரி, அதன்பின் தகவல் இல்லை. ஊரில் அவர் மனைவி, நம் ஆச்சி. பிள்ளை இல்லை. கணவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் தாலியைக் கழற்றவும் முடியாது, பிள்ளை கூட்டவும் (தத்து எடுக்கவும்) முடியாது. கொழுந்தனார் கூட்டு வியாபாரக் கணக்கை முடித்துவிடலாம் என்கிறார்.

அறிகுறி 1: ஐம்பது பக்கம் போயும் கதை தொடங்கவில்லை

வர்ணனை முன்னே, ஆள் பின்னே

அதிகம் பார்ப்பது இதைத்தான், சரிசெய்யச் சுலபமானதும் இதுதான். பர்மா தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புச் சுவர் என்று வீடு முழுவதையும் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுகிறார்கள். வீட்டின் மேல் உள்ள பாசம் எனக்கும் உண்டு. ஒரு வரியைக்கூடத் தூக்கி எறியச் சொல்லவில்லை, இடம் மாற்றச் சொல்கிறேன்.

சோதனை: வீட்டைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் பென்சிலால் கோடு போடுங்கள். இந்த இடத்துக்குள் வர முடியாதவர் யார், இங்கிருந்து வெளியே போக முடியாதவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்கிற வாக்கியம் நிற்கட்டும். கிடைக்காதது, பின்னால் ஒருவர் அங்கே நடமாடும்போது வரட்டும். செட்டிநாட்டு வீட்டில் ஆண்கள் முகப்பில் (வாசல் பக்கம்), பெண்கள் வளவிலும் (நடு முற்றத்துக் கட்டு) இரண்டாங்கட்டிலும் (அதற்குப் பின்கட்டு). செய்தி முகப்புக்கு வரும். அந்தச் செய்தியால் வாழ்க்கை மாறப்போகிறவர் உள்ளே நிற்பார். இதைவிட நல்ல முடிச்சு நாவலாசிரியருக்குச் சும்மா கிடைக்காது. நம் ஆச்சி கதையில் அந்த நாள் இப்படி வரலாம்:

“வந்தவர் முகப்புத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார். கொடுத்த மோரை வாங்கிப் பக்கத்தில் வைத்தாரே தவிரக் குடிக்கவில்லை. ‘சொல்லுங்க’ என்று கொழுந்தனார் கேட்டது வளவு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. ஆச்சி இரண்டாங்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தவர் குரலைத் தாழ்த்தினார். ‘தாமுல பார்த்தப்ப காலு வீங்கி…’ என்பது வரைக்கும்தான் காதில் விழுந்தது. வளவு வாசலில் மிளகாய் புடைத்துக்கொண்டிருந்தவள் அந்த நேரம் பார்த்து முறத்தைத் தட்டினாள்.”

முகப்பு, வளவு, நிலை, வாசல் எல்லாம் வந்துவிட்டன. ஒரு வரியும் வர்ணனையாக நிற்கவில்லை. குடிக்காத மோர், வந்த செய்தி நல்லதில்லை என்று சொல்லிவிட்டது.

கணக்கு திறக்கப்படவில்லை

வர்ணனையை இடம் மாற்றியும் கதை நகரவில்லை என்றால் இதைப் பாருங்கள். வட்டிக்கடைப் பேரேட்டில் ஒருவர் பெயரில் கணக்கு திறந்தால், அது முடியும் வரை பக்கம் பக்கமாகக் கூடவே வரும். நாவலும் அப்படித்தான். முதல் இரண்டு அத்தியாயத்துக்குள் யாரோ ஒருவர் பெயரில் ஒரு பாக்கி விழ வேண்டும், அதற்குத் தவணை இருக்க வேண்டும்.

சோதனை: “இன்னார் இன்ன காரியத்தை இன்ன நாளுக்குள் முடிக்காவிட்டால் இன்னதை இழப்பார்” என்ற வாக்கியத்தை உங்கள் கதைக்கு எழுதிப் பாருங்கள். பெயர், காரியம், நாள், இழப்பு நான்கும் நிரம்பினால் கணக்கு இருக்கிறது, முன்னால் கொண்டுவந்தால் போதும். நாள் மட்டும் காலியாக இருந்தால் அறிகுறி 2க்குப் போங்கள். இழப்பு காலியாக இருந்தால் அறிகுறி 4.

தொடங்கிய இடமே தவறு

நான்கில் எதுவுமே நிரம்பவில்லை என்றால் செலவு கூடுதல். ஐயா பிறந்த வருஷத்திலிருந்து தொடங்கும் நாவல்கள் இந்த வகை. கணக்கு திறக்கிற நாளைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் வெட்டித் தனியே வையுங்கள். வெட்டியதில் உண்மையாகவே தேவைப்படுவது ஒரு காகிதமாக உள்ளே வரும்: மேலாளுக்கு (வெளிநாட்டுக் கடையை நடத்துகிற ஏஜெண்டு) எழுதிக்கொடுத்த சம்பளச் சீட்டு, கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம், கிழிந்துபோன உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு). ஒரு காகிதத்தை ஒருவர் தேடும்போது அதிலுள்ள பழைய கதையை வாசகர் ஆவலாகவே படிப்பார்.

அறிகுறி 2: “என்ன நடக்கப்போகிறது என்று தெரியுமே” என்கிறார் வாசகர்

பர்மா கைவிட்டுப் போகும் என்பது நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். சரித்திர நாவலுக்கு இது குறையே இல்லை. சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகம் கதை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. போதாதற்கு ஒன்பதாவது காதையில் கண்ணகி தான் கண்ட கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். இவ்வளவும் தெரிந்த பிறகும், சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் மதுரைக் கடைவீதிக்குப் போய், எத்தனையோ பேர் இருக்க அந்தப் பொற்கொல்லனிடமே விலை கேட்கிறபோது நமக்குப் பதைக்கிறது. தெரிந்த முடிவை நோக்கி ஓர் ஆள் தன் காலாலேயே நடந்து போவதைப் பார்க்கும் பதைப்பு அது.

வருஷத் தலைப்பு காட்டிக்கொடுக்கிறது

அத்தியாயத் தலைப்பில் “டிசம்பர் 1941” என்று போட்டால், ரங்கூனில் 23ஆம் தேதி விழுந்த குண்டுக்காக வாசகர் காத்திருப்பார், ஆட்களைக் கவனிக்க மாட்டார். தலைப்பை எடுத்துவிட்டு, நாளை ஆட்களின் காரியத்தால் காட்டுங்கள். நம் வீடுகளில் மார்கழிக்கு அடையாளம் பஞ்சமா? பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிற நாளைச் சொன்னால் போதும்.

சொந்தத் தவணை இல்லை

ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பத்தியாக்குங்கள். இடப்பக்கம் ஊரறிந்த தேதிகள்: 1937 ஏப்ரல் 1 பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1938 ஜூலை ரங்கூன் கலவரம், 1941 டிசம்பர் 23 முதல் குண்டு, 1942 மார்ச் 8 ரங்கூன் ஜப்பானியர் கையில், 1948 ஜனவரி 4 பர்மா சுதந்திரம், அதே வருஷம் நிலத்தை அரசே எடுத்துக்கொள்ளும் சட்டம். வலப்பக்கம் உங்கள் ஆட்களுக்கு மட்டும் முக்கியமான தேதிகள்: மேலாளின் மூன்று வருஷக் கணக்கு முடியும் நாள், ஒரு பெண்ணின் கல்யாணம், ஒருவர் சாந்தி (அறுபதாம் கல்யாணம்), ஒரு பாக்கியின் தவணை.

சோதனை: இடப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வலப்பக்கத்தை மட்டும் படியுங்கள். அப்போதும் “ஐயோ, நேரமாகிறதே” என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் உங்கள் நாவலின் வேகத்தைச் சரித்திரத்திடமிருந்து கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

நம் ஆச்சி கதையில் சொந்தத் தவணை சட்டத்திலேயே கிடைக்கிறது. அப்போது நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருஷமாகத் தகவல் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1942இல் எண்ணத் தொடங்கினால் 1949. பர்மா சுதந்திரமும் நிலச் சட்டமும் அதற்குள்ளேயே கடந்துபோகின்றன. வாசகர் கண் செய்தித்தாளில் இருக்காது, ஆச்சியின் நாள்காட்டியில் இருக்கும். இதிலே இன்னொரு கொக்கியும் உண்டு: இறந்ததாகக் கொள்ளலாம் என்கிற சட்டம், எந்தத் தேதியில் இறந்தார் என்று சொல்வதில்லை. தேதியைச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பங்கு பிரிக்கிற வீட்டில் அந்தத் தேதி பெரிய விஷயம்.

இரண்டு பத்தியும் எங்கேயும் உரசவில்லை

வலப்பக்கத் தேதிகள் இருந்தும் பிடிப்பு இல்லை என்றால், அவை இடப்பக்கத் தேதிகளோடு எங்கேயும் மோதவில்லை. இதைச் சரிசெய்யக் கதைப்பின்னலையே அவிழ்த்துக் கட்ட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 1942 ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது தேவகோட்டை நீதிமன்றம் தீக்கிரையானது. அந்த நீதிமன்றத்தில் குடும்பத்தின் மூலப் பத்திரம் ஒன்று வழக்குக்காகத் தாக்கலாகி இருந்ததாக வைத்துக்கொண்டால், ஊர் கொண்டாடுகிற இரவில் ஆச்சி மட்டும் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். சரித்திரச் சம்பவம் ஒருவர் கணக்கில் வரவாகவோ பற்றாகவோ விழ வேண்டும். விழாத சம்பவம் எவ்வளவு பெரியதானாலும் கதைக்கு வெளியேதான் நிற்கும்.

அறிகுறி 3: நடுப்பகுதி தொய்கிறது

நூற்றைம்பதாம் பக்கத்திலிருந்து முந்நூறு வரைக்கும் எல்லாம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும், ஆனால் எந்த அத்தியாயத்தை உருவினாலும் நாவல் விழாது.

ஒரே மாதிரி முடிச்சு

கடிதம் வருகிறது, அழுகிறார்கள். அடுத்த அத்தியாயம், இன்னொரு கடிதம். முதல் கடிதம் தந்த பதைப்பை மூன்றாவது தராது. கடிதத்துக்கு வழியிலேயே ஏதாவது நேரச் செய்யுங்கள். தபால் கப்பலில் வந்த காலம் இது; எழுதிய நாளுக்கும் படிக்கிற நாளுக்கும் இடையில் நிலைமை தலைகீழாகியிருக்கலாம். தந்தி முந்திக்கொண்டு வந்துவிட, கடிதம் பின்னால் வரட்டும். இறந்தவர் கையெழுத்தில் “வட்டிக் கணக்கை அடுத்த கப்பலில் அனுப்புகிறேன்” என்று வந்தால் அது வேறு கடிதம். 1942க்குப் பிறகு பர்மாவிலிருந்து தபாலே நின்றுபோனது. அந்த மௌனத்தையும் ஓர் ஆளாக வைத்து எழுதலாம்.

அத்தியாயம் முடிந்தும் பாக்கி மாறவில்லை

இந்த ஒரு சோதனையை மட்டும் எல்லாரும் செய்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் மூன்று வரி எழுதுங்கள். வரவு: முக்கிய ஆளுக்கு இந்த அத்தியாயத்தில் கிடைத்தது என்ன? பற்று: போனது என்ன? பாக்கி: இனிச் செய்ய முடியாமல் போனது என்ன? பாக்கி வரி முந்தைய அத்தியாயத்தில் இருந்ததேதான் என்றால், அந்த அத்தியாயம் சம்பவம் மட்டும்தான். இரண்டை ஒன்றாக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். தொடர்ந்து நான்கைந்து அத்தியாயத்தில் பாக்கி அசையவில்லை என்றால் தொய்வு தொடங்கிய இடம் அதுதான், அதற்கு முந்தைய அத்தியாயத்தில் கை வையுங்கள்.

ஆச்சி கதையில் பார்ப்போம். கொழுந்தனார் கணக்கை முடிக்கக் கையெழுத்துக் கேட்கிறார். ஆச்சி மறுக்கிறாள். இத்தோடு விட்டால் பாக்கி மாறவில்லை. மறுத்த கோபத்தில் ஒன்றாக இருந்த சமையல் தனியாகிறது. அவளுக்குக் கொழுந்தனார் மகன்களில் ஒருவனைப் பிள்ளை கூட்டும் எண்ணம் இருந்தது, அந்தப் பையன் இனி இரண்டாங்கட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டான். இப்போது மாறிவிட்டது. மூடிய கதவு இனித் திறக்காது.

ஊர் ஒரு கதை, பர்மா ஒரு கதை

ஓர் அத்தியாயம் காரைக்குடி, அடுத்தது ஐராவதி டெல்டா என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். பர்மா அத்தியாயங்களை மட்டும் தனியே எடுத்துப் படித்து அதுவே முழுக் கதையாக இருந்தால், உங்களிடம் இரண்டு நாவல் இருக்கிறது. ஊரில் எடுத்த ஒரு முடிவு அங்கே ஒருவரை வீழ்த்த வேண்டும், அங்கே நடந்த ஒன்று இங்கே ஒரு கல்யாணத்தை நிறுத்த வேண்டும். வீட்டுக் கட்டடச் செலவுக்காக முதலாளி பணம் கேட்டு எழுதுகிறார், மேலாள் நெல் விலை விழுந்த 1930இல் குடியானவனை நெருக்குகிறார், அந்தக் குடியானவன் பின்னால் வருகிறான். வளவில் நிற்கிற தூணுக்கும் டெல்டாவில் ஏலம் போன வயலுக்கும் கணக்கு நேராகிவிட்டது. இந்தத் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் ஆகும், ஆனால் செய்தவர்கள் வருந்தி நான் பார்த்ததில்லை.

அறிகுறி 4: எதிராளி வந்தால் கதை சப்பென்று ஆகிறது

இந்தப் பழுது நம் பக்கத்து நாவல்களில் ஆழமாக இருக்கிறது. நம்மவர் எல்லாரும் நேர்மையானவர்கள், உழைத்தவர்கள், கடைசியில் ஏமாற்றப்பட்டவர்கள். எதிரே நிற்கிறவர் முகமே இல்லாத கூட்டம். ஒரு பக்கம் மட்டுமே நியாயம் இருக்கிற சண்டையில் யார் ஜெயிப்பார் என்ற கேள்வியே எழாது, அதனால் பதற்றமும் இருக்காது.

பேச்சு கொடுக்கவில்லை என்பது எளிய காரணம். எதிராளிக்கு ஒரு முழுக் காட்சி, அவர் வாயால் அவர் நியாயம். கொழுந்தனாரையே எடுங்கள். கடையில் போட்டிருந்தது அண்ணன் தம்பி பணம் மட்டுமா? உறவுக்கார ஆச்சிமாரின் சீதனப் பணம், கோயில் பணம் எல்லாம் கிடந்தது. பர்மா சொத்து போனதும் அத்தனை பேரும் முகப்பில் வந்து உட்கார்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். “அண்ணன் வரட்டும், வரட்டும்னு எத்தனை நாளைக்கு நான் திண்ணையில உக்காந்து பொய் சொல்றது?” என்று அவர் கேட்டால் ஆச்சியிடமும் பதில் இல்லை. அங்கே இறுகுகிறது கதை.

உண்மையின் மறுபாதியை விட்டுவிட்டது பெரிய காரணம். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், அடமானம் கைக்கு வந்து, 1937–38 வாக்கில் அது ஏறக்குறைய 25 சதவீதம் ஆகிவிட்டது. வட்டிக்கடைக்காரருக்கு நிலத்தின் மேல் ஆசை இல்லை, அவருக்கு வேண்டியது ரொக்கம். வயலை இழந்த குடியானவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 1930 டிசம்பரில் எழுந்த சாயா சான் கிளர்ச்சியையும் (பர்மியக் குடியானவர் எழுச்சி) 1938 கலவரத்தையும் எழுதுகிறவர் இந்த இரண்டு வரியையும் சேர்த்து எழுத வேண்டும். நம் முன்னோர் பட்ட துயரம் இதனால் ஒரு துளியும் குறையாது. கூடும். தான் நியாயமாகவே நடந்தோம் என்று நம்பிய ஒரு மேலாள், தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய ஒருவன் கையில் வெட்டரிவாளோடு நிற்பதைப் பார்க்கும் கணம் முகமில்லாத கூட்டத்திடம் கிடைக்காது.

சோதனை: எதிராளியின் இடத்திலிருந்து கதையை அரைப் பக்கத்தில் சுருக்குங்கள். அவருக்கும் அந்த நான்கு காலியிடங்கள் (பெயர், காரியம், நாள், இழப்பு) நிரம்புகின்றனவா?

அறிகுறி 5: அத்தியாயம்தோறும் திடுக்கிடல், ஆனாலும் அலுப்பு

வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த கை செய்வது. கதவு தட்டப்படுகிறது, “அங்கே நின்றவரைக் கண்டு திடுக்கிட்டாள்”, தொடரும். அடுத்த அத்தியாயத்தில் நின்றவர் பால்காரர். வாரம் ஒருமுறை படிப்பவருக்கு அது வேண்டியிருந்தது. புத்தகமாக ஒரே மூச்சில் படிப்பவர் இரண்டாவது தடவையே நம்பிக்கையை இழந்துவிடுவார். அத்தியாயத்தின் கடைசி இரண்டு வாக்கியத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். பத்துக்கு எட்டு இடத்தில் அதுவே போதும். ஒருவர் ஒரு முடிவு எடுத்ததும் நிறுத்துங்கள், விளைவை அடுத்ததில் காட்டுங்கள்.

அறிகுறி 6: தகவல் வரும் இடமெல்லாம் கதை நின்றுவிடுகிறது

1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். 1919இல் பாரதி காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தார். இதையெல்லாம் விட மனசு வராது, புரிகிறது. விதி ஒன்றுதான்: அந்தக் கூட்டத்தில் உங்கள் ஆள் ஒருவர் எதையாவது இழந்தாரா, மறைத்தாரா, யாரையாவது தவறவிட்டாரா? காந்தி கையில் வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த மருமகள் மாமியாருக்கு என்ன பதில் சொல்வாள் என்பது கதை. காந்தி பேசியது மட்டும் என்றால் அது கட்டுரை.

இதோடு சேர்த்து ஒரு சிறு சோதனை. தவறான விவரம் பதற்றத்தைச் சட்டென்று அறுத்துவிடும், தெரிந்த வாசகர் அத்தோடு எழுந்துவிடுவார். 1910இல் காரைக்குடி ஸ்டேஷனில் ரயில் ஏற்றாதீர்கள். திருச்சி–மானாமதுரைத் தடம் 1930 வாக்கில்தான் முழுமையானது. ‘ரஜுலா’ கப்பல் 1926இல் கட்டப்பட்டது, அதில் 1915இல் யாரும் பினாங்கு போயிருக்க முடியாது. தனுஷ்கோடி வழியாகக் கொழும்புக்குப் போகிறவர் 1914க்குப் பிறகு பாம்பன் பாலத்தில் ரயிலில் போகலாம், 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு போக முடியாது.

அறிகுறி 7: உச்சக்கட்டம் வந்தது, உச்சமாக இல்லை

குண்டு விழுகிறது, வீடு எரிகிறது, ஓடுகிறார்கள். பக்கம் பக்கமாகச் சத்தம். ஆனால் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. இயற்கையும் போரும் செய்வது சம்பவம். உச்சம் என்பது ஆள் செய்வது.

எளிய திருத்தம்: சத்தத்துக்கு நடுவில் ஒரு தேர்வை வையுங்கள். கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமுமான கட்டடம்) பெட்டியடிப் பையன் (கடையில் தொழில் பழகுகிற சிறுவன்) காய்ச்சலில் கிடக்கிறான். ஒரு கூலியாள்தான் கிடைத்திருக்கிறான். அவன் பையனைத் தூக்குவானா, கணக்குப் புத்தகங்கள் இருக்கிற பெட்டியைத் தூக்குவானா? புத்தகம் இல்லை என்றால் ஊரில் யாருக்கு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

செலவான திருத்தம்: உச்சத்தையே இடம் மாற்றுவது. நம் கதையில் ரங்கூன் குண்டு உச்சமாக இருக்கவே முடியாது, அப்போது ஆச்சி அங்கே இல்லை. அவள் உச்சம் 1949இல். ஏழு வருஷம் முடிந்தது. பிள்ளை கூட்ட வேண்டுமானால் கணவர் இல்லை என்பதை அவள் தன் வாயால் சொல்ல வேண்டும். கணவர் அனுமதி எழுதிவைக்கவில்லை என்றால், மெட்ராஸ் மாகாணத்தில் விதவை பிள்ளை கூட்டக் கணவரின் நெருங்கிய பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். இராமநாதபுரம் ஜமீன் வழக்கில் 1868இல் லண்டன் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் உறுதிசெய்த முறை அது. அந்தப் பங்காளி வேறு யார்? கொழுந்தனார். ஏழு வருஷமாகப் போடாத கையெழுத்தை இப்போது போட்டால் சம்மதம் கிடைக்கும். ஒரு பிள்ளைக்காகத் தன்னைத் தானே விதவையாக்கிக்கொண்டு, கணவரின் கணக்கையும் மூட வேண்டும். துப்பாக்கிச் சத்தம் எதுவும் வேண்டாம். வளவில் ஒரு பாய், ஒரு பேனா, நாலு பேர். அவள் எதைத் தேர்ந்தாலும் உச்சம் நிற்கும், விலை இருப்பதால்.

அறிகுறி 8: முடிவு தீர்ந்ததாகத் தோன்றவில்லை

உச்சத்தோடு நிறுத்திவிட்டீர்களா? சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் மதுரை எரிந்த பிறகும் வஞ்சிக் காண்டத்தின் 7 காதைகள் இருக்கின்றன. அவ்வளவு இடம் வேண்டாம், ஆனால் விளைவைச் சுமந்து ஆட்கள் நடமாடுவதைப் பார்க்க வாசகருக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

போட்ட பொருள் திரும்பவில்லையா? தொடக்கத்தில் அழுத்திக் காட்டிய பொருள்களின் பட்டியல் எடுங்கள். ஆச்சிக்குக் கல்யாணமான புதிதில் ‘வேறு வைத்தபோது’ (தனிச் சமையல் தொடங்கிக் கொடுத்தபோது) கொடுத்த பாத்திரங்கள், 1942 முதல் பூட்டிக்கிடக்கும் அவர்களுடைய அறை. அந்த அறை திறக்கிறதா, யாருக்காக என்பதற்கு விடை வேண்டும். கூட்டிய பிள்ளைக்குக் கல்யாணமாகி அவனை வேறு வைக்கும் நாளில் அதே பாத்திரங்கள் துலக்கப்பட்டு வந்தால் சொல்ல வேறு எதுவும் வேண்டியதில்லை.

தற்செயல் தீர்த்துவைக்கிறதா? செத்தவர் கப்பலில் வந்து இறங்குகிறார், எல்லாம் சரியாகிறது. வரலாம், ஆனால் வந்தால் பழைய கணக்கு மூடக் கூடாது, புதிய கணக்கு திறக்க வேண்டும். ஆச்சி கையெழுத்துப் போட்ட மறுமாதம் அவர் வந்தால்?

வரலாற்றுத் தீர்ப்பை மட்டும் நம்பியிருக்கிறீர்களா? “1948இல் சட்டம் வந்தது, நிலம் போயிற்று” என்று முடித்தால் செய்தி முடிந்தது, கதை முடியவில்லை. மலாயாவில் ஜப்பான்காரர் காலத்தில் கடன்காரர்கள் வாழைமர நோட்டை (ஜப்பானியர் அச்சடித்த பணம்) கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பழைய கடனை அடைத்தார்கள். போர் முடிந்ததும் அந்த நோட்டு வெறும் தாள். பேரேட்டில் பாக்கி இல்லை, பெட்டியில் காசும் இல்லை. வாங்க மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மேலாள் ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு பெரிய சரித்திர மாற்றம் ஒரு மனிதரின் இரும்புப் பெட்டிக்குள் தீர்ந்திருக்கிறது.

முடிவு வேறு கேள்விக்கு விடை சொல்கிறதா? இதுதான் மிகப் பெரிய செலவு. முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும், நாவலைப் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். முதலாவது எதைக் கேட்டது, கடைசி எதற்குப் பதில் சொன்னது என்று அவர் சொல்லட்டும். இரண்டும் வேறானால், பெரும்பாலும் திருத்த வேண்டியது முதல் அத்தியாயத்தை. எழுதி முடித்த பிறகுதான் என்ன கேட்க வந்தோம் என்று நமக்கே தெரிகிறது.

எப்போது தெரிந்தவரிடம் போக வேண்டும்

சட்டம் முடிச்சாக இருந்தால் வழக்கறிஞரிடம். விலை கொடுத்து வாங்கிய பங்காளி சம்மதம் செல்லுமா என்பதை நாவலாசிரியர் ஊகிக்கக் கூடாது. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் விதவைக்குக் கணவர் பங்கில் வாழ்நாள் உரிமை தந்தது, ஆனால் அது விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 1948 வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். உங்கள் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதை முதலில் பாருங்கள்.

பழைய பேரேடு கையில் இருந்து தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் புரியவில்லை என்றால், கடையில் கணக்கெழுதிப் பழகிய பெரியவரைத் தேடுங்கள், சீக்கிரம் தேடுங்கள். அந்தக் காலப் பத்திரிகைகளுக்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அதன் மூலத் திரட்டே கோட்டையூரில் சேர்ந்ததுதான். வட்டிக்கடை நடைமுறைக்கு 1929–30 பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை.

சொந்தக் குடும்பத்து விலாசத்தையும் (கடையின் பெயரெழுத்துகள்) உண்மைப் பெயர்களையும் அப்படியே எழுதியிருந்தால், அச்சுக்குப் போகுமுன் பங்காளிகளிடம் காட்டுங்கள், வழக்கறிஞரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

அறிகுறி 3, 7, 8 மூன்றும் ஒன்றாக இருந்து, மூன்று வரிச் சோதனையை முழு நாவலுக்கும் செய்த பிறகும் எங்கே உடைத்துக் கட்டுவது என்று தெரியவில்லை என்றால் பதிப்பாசிரியரிடம் போங்கள். போகும்போது கைப்பிரதியோடு அந்த வரவு, பற்று, பாக்கித் தாள்களையும் மடித்த இரண்டு பத்தித் தாளையும் கொண்டுபோங்கள். அவர் வேலை பாதியாகும், உங்கள் செலவும் பாதியாகும். அவர் படித்துத் திருப்பித் தரும்வரை கைப்பிரதியில் ஒரு வரியும் மாற்றாதீர்கள்.